ஐந்தாவது வீட்டு ரூட்டர்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நெட் போனதால்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். ஒரு சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு, அலமாரி மேல் தாவத் தயாராகும் ஒரு பூனையின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூனை பின்னங்காலை மடக்கிய நேரத்தில் படம் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் காத்திருந்தேன். பூனை அசையவில்லை. வேறு வழியில்லாமல் எழுத உட்கார்ந்தேன். தங்கள் கதை எங்கே பிறந்தது என்று மற்ற எழுத்தாளர்கள் ரொம்ப உயர்வாகச் சொல்வார்கள். எனக்கு வாய்த்தது இவ்வளவுதான்.

எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. செல்போன் சிக்னல் எங்கள் தலைக்கு மேலேயே பறந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். கேபிள் போட வந்தவர்களும் முதல் வீட்டோடு கையைக் கழுவிவிட்டுப் போனார்கள். அதனால் ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து நாங்களாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். முதல் வீட்டுக்கு வரும் நெட்டை அந்த வீட்டு ரூட்டர் இரண்டாவது வீட்டு ரூட்டருக்குக் காற்றிலேயே தள்ளிவிடும். அது மூன்றாவதுக்கு, மூன்றாவது நாலாவதுக்கு, இப்படியே ஐந்தாவது வீடு வரை. நடுவில் ஒரு பெட்டி படுத்துக்கொண்டால், அதற்குப் பின்னால் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்.

நான் மூன்றாவது வீடு. திண்டாட்டத்தில் எனக்கு நல்ல பழக்கம்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“விடியற்காலைப் பனியில் ஐந்து ஆண்டெனாக்கள் வானத்தை நோக்கித் தவமிருந்த”

(வேண்டாம். பனியும் இல்லை, விடியற்காலையும் இல்லை. மணி எட்டேகால் என்று நானே மேலே சொல்லித் தொலைத்துவிட்டேன்.)

அப்புறம் இப்படி:

“மனிதனை மனிதனோடு இணைப்பது எது என்ற கேள்வி ஆதிகாலம் தொட்டே”

(என் மனைவி பின்னால் நின்று படித்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். அடித்தாயிற்று.)

மூன்றாவது முயற்சி:

“பல்லு தப்புப் பண்ணிவிட்டார்.”

இது இருக்கட்டும். மனைவியும் “யாரு, நம்ம பல்லுவா? என்ன பண்ணாரு?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

3.

பல்லு முதல் வீட்டுக்காரர். பல்செட் செய்பவர், பெயரும் அதனால்தான் வந்தது. வயது நாற்பத்து நாலு. வீட்டு முன்னறைதான் அவருடைய பட்டறை. உள்ளே போனால் முப்பது நாற்பது தாடைகள் வரிசையாக அலமாரியில் உட்கார்ந்து உங்களைப் பார்த்துச் சிரிக்கும். கடுகளவு பிசிறையும் விடாத கைகள். அந்தக் கைகளை நம்பித்தான் ஐந்து வீட்டு ரூட்டர்களையும் அவர் பொறுப்பில் விட்டிருந்தோம்.

ரூட்டருக்குள் ஃபர்ம்வேர் என்று ஒன்று இருக்கிறது. அதுதான் அந்தப் பெட்டியின் மூளை. அவ்வப்போது பழைய மூளையை எடுத்துவிட்டுப் புது மூளை வைக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை வைக்க வேண்டிய புது மூளையிடம் ஒரு திமிர் இருந்தது: பழைய மூளை உள்ள பெட்டியோடு அது பேசாது. ஒன்று எல்லாரும் பழசு, இல்லையென்றால் எல்லாரும் புதுசு.

ஆகவே இதற்கு ஒரு முறை உண்டு. கடைசி வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். முதல் வீட்டில் உட்கார்ந்தபடியே ஐந்தாவது ரூட்டருக்குப் புதுசை அனுப்பினால், அது மாறிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். பிறகு நாலு, மூன்று, இரண்டு. கடைசியில் தன் வீடு. அதுவும் மாறியதும் ஐந்தும் ஒன்றையொன்று கண்டுகொண்டு பேச ஆரம்பித்துவிடும். அரை மணி நேர வேலை, நாற்காலியை விட்டு எழ வேண்டாம். இந்த முறையைப் பல்லுவே கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில், தாடைகளுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறார்: “கடைசி வீடு முதலில். மறந்தால் நடை.”

அன்று அவர் தன் வீட்டிலிருந்து தொடங்கினார்.

எட்டேகாலுக்கு அவர் வீட்டு ரூட்டர் புதுசாகி, மற்ற நாலோடும் பேச்சை நிறுத்திக்கொண்டது. தெரு முழுக்க நெட் செத்தது. அவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டார்.*

(* “மறந்துட்டேன் சார்” என்றுதான் அவர் என்னிடம் சொன்னார். நம்பினேன். அடுத்த பகுதி வரைக்கும் நீங்களும் நம்புங்கள்.)

4.

ஐந்தாவது வீடு அவருடைய அக்காவின் வீடு.

அக்காவும் தம்பியும் பேசி ஏழு மாதம் ஆகிறது. காரணத்தைக் கேட்டால் சிரிக்கக் கூடாது. அக்கா பேருந்து நிலையத்தில் பதினொரு வருஷம் அறிவிப்பாளராக இருந்தவள். ஒலிபெருக்கி பழுதான நாள்களில்கூட எட்டாவது நடைமேடை வரைக்கும் அவள் குரல் போகுமாம். பிறகு ஓர் இயந்திரக் குரலை வாங்கி வைத்துவிட்டு அவளை அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது ஒரு பிரிவுபசாரக் கூட்டம் வைத்தார்கள். அதில் அவள் கணவர் (பல்லுவுக்கு அத்தான்) நன்றி சொல்ல எழுந்தார். அத்தான் நன்றி சொன்னாலே முக்கால் மணி நேரம். இருபதாவது நிமிடத்தில், “என் மனைவியின் குரலைப் பற்றி” என்று அவர் உருகிய இடத்தில், பல்லு செய்துகொடுத்த பல்செட் கழன்று மேசையில் விழுந்து நிலைய மேலாளரின் தேநீர்க் கோப்பைக்குள் போய்விட்டது.

“என்னடா இது, வேலையா இது? என் மானத்தையே வாங்கிட்டியே!” என்றாள் அக்கா.

“செட்ல ஒரு குறையும் இல்ல. அத்தான் பேச்சக் குறைச்சா பல்லு நிக்கும்” என்றார் தம்பி.

அவ்வளவுதான். ஏழு மாதம்.

(இந்த இடத்தில் ஒரு சோகமான பின்னணிக் கதை எழுதினேன். “சின்ன வயதில் அக்கா தம்பியைச் சைக்கிளில் வைத்து...” என்று இப்படி ஒரு பத்தி. வெட்டிவிட்டேன். அவர்களிடம் சைக்கிளே இருந்ததில்லையாம்.)

இப்போது புரிகிறதா? கடைசி வீடு முதலில் என்றால் அக்கா வீடு முதலில். திரையில் ஐந்து பெயர்கள் வரிசையாக இருக்க, “அக்கா” என்ற பெயரைத் தொட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். வீம்பு பிடித்த மனுஷன் அதைத் தொடவில்லை. தன் பெயரைத் தொட்டார். இது என் ஊகம். ஊகம் தப்பென்று பின்னால் என் மனைவி நிரூபிப்பாள். அவசரப்படாதீர்கள்.

5.

இரண்டாவது வீடு தையல்காரம்மா வீடு. அவர் மாடி ரூட்டர் கம்பத்தில் கொடி கட்டி ஆறு போர்வை காயப்போட்டிருந்தார்.

“நனஞ்ச போர்வை காத்த மறைக்கும்மா. நெட்டு காத்துலதான வருது?” என்றார் பல்லு.

“காத்து வர்ற எடத்துலதான தம்பி துணி காயும்?” என்றார் அவர். பல்லுவால் போர்வைகளை மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கம்பத்தில் கை வைக்க முடிந்தது.

மூன்றாவது என் வீடு. அவர் என் மாடியில் வேலை பார்த்த இருபது நிமிடமும் நான் கீழே அவரைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கதாபாத்திரம் ஏணியிலிருந்து இறங்கி வந்து, “சார், ஒரு டம்ளர் தண்ணி” என்று கேட்டபோது தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

நாலாவது வீடு பேக்கரிக்காரர் வீடு. அடுப்புச் சூட்டுக்கு அந்த ரூட்டர் பெட்டி எப்போதும் இதமாக இருக்கும் என்பதால் மூன்று பூனைகள் அதன்மேல் குடித்தனம் நடத்தின. (நிஜப் பூனைகள். தாவின.) பல்லு அங்கே வேலையை முடித்தபோது மணி பத்து.

“சீக்கிரம் போங்க தம்பி, உங்க அக்காவுக்குப் பதினோரு மணிக்கு இன்டர்வியூ ஆச்சே” என்றார் பேக்கரிக்காரர்.

“என்ன இன்டர்வியூ?”

“அட, உங்களுக்குத் தெரியாதா? பார்வையில்லாதவங்களுக்கான நூலகம் இருக்குல்ல, அங்க புத்தகத்த வாசிச்சுப் பதிவு பண்ற வேலையாம். வீடியோவுல வாசிச்சுக் காட்டணுமாம். நூறு பேருல ஆறு பேரக் கூப்பிட்டிருக்காங்க. ஒரு வாரமா தெருவே பேசுது!”

பல்லுவின் முகத்தில் ஈயாடவில்லை. தெருவே பேசியிருக்கிறது, அவரிடம் யாரும் பேசவில்லை. அக்கா வீட்டில் மட்டும்தான் இன்னும் பழைய மூளை. அவர் போய் மாற்றாவிட்டால் பதினோரு மணிக்கு நூலகத்துக்காரர்கள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலை போன பிறகு அக்காவுக்கு வந்த முதல் அழைப்பு, தம்பி கையால் கெட்டுப்போகும். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். பல்செட் செய்கிறவர்கள் பொதுவாக ஓடுவதில்லை. அவர் ஓட்டத்திலேயே அது தெரிந்தது.

6.

(இந்தப் பகுதி முழுக்க அத்தான் சொன்னது. பற்களைக் கழற்றி வைத்துவிட்டு, கழன்று விழும் பயமில்லாமல் சொன்னதால் நீளத்தை நான் பத்தில் ஒன்றாகக் குறைத்திருக்கிறேன்.)

கதவைத் திறந்தது அக்கா. தம்பியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒதுங்கி நின்று பின்பக்கத்தைக் கையால் காட்டினாள்.

“ரூட்டர் பாக்கத்தான் வந்தேன்” என்றார் பல்லு.

தலையசைத்தாள். ஏழு மாதக் கோபம் இம்மியும் குறையவில்லை என்று நினைத்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனார். பின்கட்டில் அத்தான்தான் காதோடு சொன்னார்: “கோவம் இல்லப்பா. தொண்டை. இன்டர்வியூவுக்காக ரெண்டு நாளா வாயே திறக்கல. வெந்நீர் மட்டும்தான். வீடு இவ்வளவு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல, எனக்கே பயமா இருக்கு.”

ரூட்டர் குளியலறைத் தளத்தின் மேல் ஒரு கம்பத்தில் இருந்தது. பல்லு புது ஃபர்ம்வேரை ஏற்றினார். பாதி ஏறியதும் பெட்டி மயக்கம் போட்டு விழுந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. மணி பத்து முப்பத்தைந்து.

மயங்கிய ரூட்டரை எழுப்ப ஒரு வழி உண்டு. மின்சாரத்தை அணைத்துப் போட வேண்டும். சில நொடி கழித்து முன்பக்க விளக்கு படபடவென்று மினுக்கும். இரண்டே நொடிதான். அதற்குள் பின்பக்க ஓட்டைக்குள் ஊசியை விட்டு அழுத்த வேண்டும். பின்னால் நிற்பவருக்கு முன்னால் இருக்கும் விளக்கு தெரியாது. ஸ்விட்ச்சோ சமையலறையில். அது ஆடும் ஸ்விட்ச். ஒரு கையால் அதையும் மறு கையால் பிளக்கையும் பிடித்துக்கொண்டு நின்றால்தான் மின்சாரம் வரும்.

(அக்கா கைதட்டியிருக்கலாமே என்று பின்னால் கேட்கப்போகிறவர்களுக்காகத்தான் அந்த இரண்டு கைகளையும் சொன்னேன். அத்தானுக்கு வாய் இருக்கும்போது கைதட்டத் தோன்றாது.)

அக்கா ஸ்விட்ச்சில். பல்லு கம்பத்துக்குப் பின்னால் ஊசியோடு. விளக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு அத்தானுக்கு.

பல்லு கையைத் தூக்கினார். கம்பத்தின் முன்பக்கம் தெரியும் ஜன்னல் வழியே பார்த்து அக்கா மின்சாரம் கொடுத்தாள்.

“தம்பி, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இப்ப அது ஒரு மாதிரி” என்று தொடங்கினார் அத்தான். மினுக்கல் முடிந்துவிட்டது.

இரண்டாவது முறை: “இத மினுக்குறதுன்னு சொல்லலாமா, இல்ல துடிக்குதுன்னு...” மினுக்கல் முடிந்துவிட்டது.

“அத்தான்! ஒரே வார்த்த! ‘இப்ப’ன்னு மட்டும் சொல்லுங்க, போதும்!”

வார்த்தை தெளிவாக வர வேண்டும் என்று அத்தான் சட்டைப் பையிலிருந்து பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். மூன்றாவது முறை விளக்கு மினுக்கியது. “இப்” என்றார். செட் கழன்றது. குனிந்து பிடித்தார். அருமையான பிடி என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறார். மினுக்கல் முடிந்துவிட்டது.

மணி பத்து நாற்பத்தெட்டு. பல்லு நாலாவது முறை கையைத் தூக்கினார். அத்தான் மூச்சை இழுத்தார், வாயைத் திறந்தார், அதற்குள் சமையலறை ஜன்னலிலிருந்து எட்டு நடைமேடைகளுக்கும் கேட்கும் குரலில் வந்தது:

“அழுத்துடா!”

அழுத்தினார்.

(மூன்றாவது வீட்டில் உட்கார்ந்திருந்த நானும் கையிலிருந்த பேனாவை அழுத்தினேன். தாள் கிழிந்துவிட்டது.)

ரூட்டர் எழுந்தது. புதுசு மறுபடி ஏற ஆரம்பித்தது. ஏழு நிமிடம் ஆகும். அந்தக் கத்தலின் கடைசியில் அக்காவின் குரல் கரகரவென்று உடைந்ததை மூன்று பேரும் கேட்டார்கள். தம்பி ஊசியை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

“ஐயோ அக்கா, உன் தொண்டை...”

“போச்சு! ரெண்டு நாள் வெந்நீரும் போச்சு! ஒரு தடவ திறந்தாச்சு, இனிமே மூடி என்ன ஆகப்போகுது?” என்றாள் அக்கா. பிறகு ஜன்னலில் நின்றபடியே அவரைத் திட்ட ஆரம்பித்தாள். பல்செட்டுக்காகத் திட்டினாள், ஏழு மாதத்துக்காகத் திட்டினாள், தனக்குக் காய்ச்சல் வந்தபோது வந்து பார்க்காததற்குத் திட்டினாள், அவர் இளைத்துப் போயிருப்பதற்குத் திட்டினாள். பல்லு அத்தானின் செட்டை வாங்கி, பையில் வைத்திருந்த சின்ன அரத்தால் உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷமாம்.

பத்து ஐம்பத்தெட்டுக்கு விளக்கு நிலையாக எரிந்தது. அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

7.

இங்கே நிறுத்திவிட்டு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) கரகரத்த குரலைக் கேட்டு நூலகத்துக்காரர்கள் உருகி, கண்ணீரோடு வேலையைக் கொடுக்கிறார்கள். (பூசி மெழுகியது.)

ஆ) வேலை கிடைக்கவில்லை. அக்கா மறுபடி ஏழு மாதம் பேசவில்லை. (என்னால் இந்தத் தெருவில் குடியிருக்க முடியாது.)

இ) பூனை தாவியது. (என் வரைக்கும் இதுதான் உண்மை. பல்லு என் மாடியை விட்டு இறங்கியதுமே தாவி, கீழே விழுந்தது.)

மூன்றையும் மனைவியிடம் காட்டினேன். அவள் முடிவுகளைப் படிக்கவேயில்லை. பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வாஷிங்மெஷின் வாங்கினாலும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவள் அவள்.

“என்னங்க, உங்க கதைல ஒரு ஓட்ட இருக்கு.”

“எங்க?”

“எட்டேகாலுக்கு அவரோட ஒரு பெட்டி மட்டும்தான மாறுச்சு? தப்பு பண்ணிட்டோம்னு தெரிஞ்சதும் அதுல பழசையே திருப்பிப் போட்டிருக்கலாமே? அஞ்சு நிமிஷம். எல்லாம் பழையபடி ஆயிருக்கும். அப்புறம் கடைசி வீட்டுலேந்து ஒழுங்கா ஆரம்பிச்சிருக்கலாம். எதுக்கு வீடு வீடா நடந்தாரு? நடந்தா கடைசில யார் வீட்டு வாசல்?”

நேராகப் பல்லுவின் பட்டறைக்குப் போனேன். பழைய ஃபர்ம்வேர் கையில் இல்லையா என்று கேட்டேன். மேசைமேலேயே, பெயர் எழுதி ஒட்டி இருந்தது. இன்டர்வியூ பற்றி நாலாவது வீடு வரைக்கும் அவருக்குத் தெரியாது, அதில் பொய் இல்லை. “பின்ன ஏன் பழசத் திருப்பிப் போடல?” என்றேன்.

“வேல இருக்கு சார்” என்று ஒரு தாடையை எடுத்து அரத்தால் ராவ ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் ராவினார். அந்தத் தாடையில் இன்னும் பல்லே வைக்கவில்லை.

8.

நூலகத்திலிருந்து பதில் வந்தது. குரல் கம்மியிருக்கிறது, ஆனால் வாசிப்பு பிடித்திருக்கிறது. ஆகவே, ஒரு முழுக் கதையை வாசித்துப் பதிவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். அதை வைத்து முடிவு செய்வார்களாம்.

அக்கா என் வீட்டுக்கு வந்தாள். “எங்களப் பத்தித்தான ஏதோ எழுதிட்டு இருக்கீங்களாம்? குடுங்க. அதையே வாசிக்கிறேன்.”

“இன்னும் முடியலம்மா. நடுவுல ஒரு கேள்வி இருக்கு, அதுக்கு...”

“எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும்” என்று தாள்களை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பதிவு அவள் சமையலறையில் நடந்தது. ஜன்னலுக்குத் தையல்காரம்மாவின் போர்வை. பதிவுக் கருவியை இயக்கப் பல்லு. நானும் அத்தானும் மூச்சுவிடாமல் மூலையில் நின்றோம். குரல் முழுசாகத் திரும்பியிருக்கவில்லை. அதனாலோ என்னவோ, என் கதை எனக்கே கொஞ்சம் நல்ல கதையாகத் தெரிந்தது. தன்னைத் திட்டும் பகுதிகளைப் பல்லு தலையைக் குனிந்தபடி கேட்டார். அக்கா ஏழாவது பகுதிக்கு வந்தாள். “பின்ன ஏன் பழசத் திருப்பிப் போடல?” என்பது வரை வாசித்தாள். அந்தத் தாடையையும் வாசித்தாள். தாளைத் திருப்பினாள். வெறும் தாள்.

கருவியை நிறுத்தச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

“இங்க எழுத்தாளர் ஒண்ணும் எழுதல. நீயே சொல்லுடா. ஏன் போடல?”

பதிவில் பதினொரு நொடி ஒன்றும் கேட்காது. எண்ணிப் பார்த்திருக்கிறேன். பிறகு பல்லு நாலு வார்த்தை சொல்வது கேட்கும். அப்புறம் ஒரு நாற்காலி தள்ளப்படும் சத்தம். அதற்குப் பிறகு அக்காவின் குரல் மறுபடி உடைவது கேட்கும். அதற்குக் காரணம் தொண்டை இல்லை.

அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியே அனுப்பினாள். ஐந்தாவது வீட்டிலிருந்து நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டி அது போனது. நூலகத்தார் அதைக் கேட்டு என்ன முடிவெடுத்தார்கள் என்று தெரிந்த பிறகு இந்தக் கதையை முடிக்கலாம் என்றார் அத்தான். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தவிர, கதை என் கையைவிட்டுப் போய்விட்டது.

அந்த நாலு வார்த்தையை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவை அக்காவுக்குச் சொன்னவை. இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கும் பேசாமல் விட்ட ஓர் அக்காவோ தம்பியோ இருந்தால், பேனாவை எடுத்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை உரக்க வாசித்துப் பாருங்கள். குரல் உடைந்தால் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

பல்லு சொன்னார்: “................................................”